கரையான் தின்னாத கோப்பு

புலியேரிப்பாக்கம் வட்டாட்சியர் அலுவலகத்தின் காகிதங்களையும் கடிதங்களையும் மொத்தமாகக் கிளவுடுக்கு மாற்றச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்த வருஷம், அந்த அலுவலகத்துக் கரையான்கள் எழுபது வருஷமாகத் தின்ற எல்லாவற்றையும் ஒரு எழுத்து விடாமல் திருப்பிக் கொடுத்தன. இதை நான் யாரோ சொல்லிக் கேட்டுச் சொல்லவில்லை. அந்த அலுவலக வாசலில், புங்கமரத்தடியில், ஒரு மடக்கு மேஜையும் இரண்டு நாற்காலியும் போட்டு இருபத்திரண்டு வருஷமாக மனு எழுதிக் கொடுக்கிறவன் நான், என் மேஜையிலிருந்து பார்த்தால் பதிவறையின் ஜன்னலும், ஜன்னல் வழியாக அந்தச் சுவரும், சுவருக்கு முன்னால் யார் நின்றாலும் அவர்கள் முதுகும் நன்றாகத் தெரியும். கோதண்டபாணி என்பது என் பெயர். மனுக்காரர் என்றால்தான் ஊரில் தெரியும்.

உத்தரவு வந்த அன்று வட்டாட்சியர் ஹமீதா பானு ஊழியர்களைக் கூடத்தில் நிற்க வைத்து விளக்கினார். இனிமேல் கோப்புகள் அலமாரியில் இருக்காது, எங்கேயோ தூரத்தில் இருக்கிற பெரிய கணினிகளில் இருக்கும், தபால் எல்லாம் மின்னஞ்சலில் வரும், மின்னஞ்சலிலேயே போகும், ஒரு மேஜையில் எழுதுகிற குறிப்பை இன்னொரு மேஜைக்காரர் அந்த நிமிஷமே பார்க்கலாம், மனு கொடுத்தவர் தன் வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்றார். மார்ச் முப்பத்தொன்றாம் தேதி மாலை ஐந்தே முக்காலுக்குள் எல்லாக் காகிதத்தையும் ஸ்கேன் செய்து ஏற்றிவிட வேண்டும், அதற்குப் பிறகு எது ஏறவில்லையோ அது இல்லாததாகவே கருதப்படும் என்றும் சொன்னார். பதிவறை எழுத்தர் தணிகாசலம் கையைத் தூக்கினார்.

"அந்தக் கிளவுடுக்குச் சாவி யார்கிட்ட மேடம் இருக்கும்?"

கூடமே சிரித்தது. ஹமீதா பானு சிரிக்கவில்லை. "உங்ககிட்டயும் இருக்கும், என்கிட்டயும் இருக்கும், மனு கொடுத்தவங்ககிட்டயும் இருக்கும் சார். ஒருத்தர் இடுப்புல மட்டும் தொங்குற சாவின்னு எதுவும் இருக்காது."

பதிவறைச் சாவியை முப்பத்தோரு வருஷமாக இடுப்பிலேயே செருகி, குளிக்கும்போது மட்டும் ஆணியில் மாட்டுகிற தணிகாசலத்துக்கு இந்தப் பதில் செரிக்க ஒரு வாரம் ஆயிற்று. மனுஷர் கெட்டவர் இல்லை. முறை என்று ஒன்று உண்டென்று நம்பியவர், அவ்வளவுதான். மின்னஞ்சல் வர ஆரம்பித்ததும் ஒவ்வொன்றையும் அச்செடுத்தார், அச்செடுத்ததன் நெற்றியில் தபால் முத்திரை குத்தினார், பதிவேட்டில் எண் போட்டார், பிறகு அதை ஸ்கேன் செய்யும் பெண் வினோதினியிடம் கொடுத்து மறுபடி ஏற்றச் சொன்னார். வினோதினி முதலில் சண்டை போட்டாள், பிறகு சிரித்தாள், பிறகு அவருக்கென்று காகிதம் தனியாக எடுத்து வைத்தாள்.

தபால் முத்திரையைத் தவிர தணிகாசலத்திடம் இன்னொரு முத்திரையும் இருந்தது. கத்திரிப்பூ மையில், நீள்சதுரக் கட்டத்துக்குள், 'கரையான் அரித்தது' என்று இருக்கும். பழைய கோப்பைத் தேடி வருகிறவர்களுக்கு ஒவ்வொரு முறையும் கையால் எழுதிக் கை நோகிறதென்று அவரே செய்து வாங்கியது. புலியேரிப்பாக்கம் வட்டத்தில் அந்த முத்திரை ஏறாத குடும்பம் இல்லை. எனக்கும் ஒரு காகிதம் உண்டு, அது வேறு கதை.

ஸ்கேன் வேலை தொடங்கிய இரண்டாம் நாளே வினோதினி எழுந்து நின்றுவிட்டாள். கட்டைப் பிரித்தால் மண் கொட்டுகிறது, இயந்திரத்துக்குள் கரையான் ஊர்கிறது, முதலில் இதற்கு வழி பண்ணுங்கள் என்றாள். வழி பண்ணத் தெரிந்தவர் அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒருவர்தான். சித்தேரி மேட்டுப் பச்சையம்மா. எலி, பாம்பு, கரையான் எது வீட்டுக்குள் வந்தாலும், வக்கீலானாலும் டாக்டரானாலும், அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு கடப்பாரையும் ஒரு சாக்குப்பையுமாக வருவார், தரையில் காதை வைத்துக் கேட்பார், எங்கே தோண்ட வேண்டுமோ அங்கே மட்டும் தோண்டுவார்.

சித்தேரி மேடு என்பது நாற்பத்தொரு இருளர் வீடு. ஏரிக்குக் கிழக்கே, தண்ணீர் எட்டாத மேட்டில், ஓலையும் தார்ப்பாயுமாக நிற்கும். எண்பத்தெட்டாம் வருஷம் அந்த மேட்டை அவர்களுக்கு வீட்டுமனையாக ஒதுக்கி அரசாங்கம் போட்ட உத்தரவின் கோப்பு எண் ந.க. 1147/88. உத்தரவு போட்டது எல்லோருக்கும் தெரியும், கைநாட்டு வாங்கியதும் தெரியும், பட்டா எழுதப் போகிற நேரத்தில் கோப்பைக் காணோம். பச்சையம்மாவின் அப்பா மாசிலாமணி நடந்து நடந்து கேட்டபோது தொண்ணூற்றைந்தில் ஒரு பதில் வந்தது, அதில் கத்திரிப்பூ மையில் அந்த முத்திரை. பட்டா இல்லாததால் மின்சாரம் இல்லை, மழைக்காலத்தில் நல்ல கூரை இல்லை. அப்பா போன பிறகு பச்சையம்மா கேட்டார். அவருக்காக நான் மட்டும் பதினேழு மனு எழுதியிருக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாத அவருக்கு அந்த எண் மட்டும் மனப்பாடம். இப்போது கிளவுடில் ஏறாவிட்டால் அந்த மேடு ஏரி ஆக்கிரமிப்பு என்ற பட்டியலில் போய்விடும், சித்திரையில் இடிக்கிற இயந்திரம் வரும். கரையான் தின்றுவிட்டதென்று யாரைக் கைவிட்டார்களோ அவரையே கரையானை ஒழிக்கக் கூப்பிட்டது அந்த அலுவலகம். வெட்கம் வேண்டாமா என்று என் மேஜையிலிருந்தே நான் கேட்டேன், யார் காதிலும் விழவில்லை.

பச்சையம்மா வந்தார். பதிவறையின் கிழக்குச் சுவரில் காதை வைத்து வெகுநேரம் நின்றார். மண் தடத்தில் கொஞ்சம் கிள்ளி முகர்ந்து பார்த்தார்.

"இதுக்கு மருந்து அடிக்க வேணாம் சார். காலி பண்ணிக்கினு போவப் போவுது."

"உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார் தணிகாசலம்.

"ராக்கெல்லாம் காலி ஆவுதுல்ல. அதுக்குத் தெரியாதா இன்னா? எழுபது வருசம் துன்ன எடம். வாங்கினத குடுத்துட்டுத்தான் போவும். ரெண்டு நாளு விட்டுப் பாருங்க."

இரண்டு நாள்கூட ஆகவில்லை. மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, ஊழியர்களில் பாதிப்பேர் இன்னும் வந்து சேராத நேரத்தில், கிழக்குச் சுவரின் மேல் மூலையில் ஈரமண் நூல்போல ஒரு கோடு புறப்பட்டு, வளைந்து, திரும்பி, 'அனுப்புநர்' என்று எழுதிற்று. பிறகு ஒரு பெயர், ஒரு ஊர், பெறுநர், ஐயா, என்று வரிவரியாக இறங்கி, ஐம்பத்துநாலாம் வருஷம் வாய்க்கால் தூர்வாரக் கேட்டு ஒரு விவசாயி கொடுத்த மனு முழுதாகச் சுவரில் வந்து நின்றது, அந்த விவசாயியின் கையெழுத்திலேயே, அவர் எழுத்தை அழுத்தின இடத்தில் மண்ணும் தடித்து. தணிகாசலம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரை படித்தார். பிறகு திரும்பி, "என்னம்மா பாத்துக்கிட்டு நிக்கிற, படம் எடு. அடுத்த பக்கம் வர்றதுக்குள்ள ஏத்தணும்ல?" என்று வினோதினியை அதட்டினார்.

வினோதினி படம் எடுத்தாள். எடுத்து முடித்ததும் கரையான்கள் தாங்கள் எழுதிய மண்ணைத் தாங்களே அள்ளிக்கொண்டு சுவரைச் சுத்தம் செய்து, மறுபடி மேல் மூலையிலிருந்து அடுத்த பக்கத்தைத் தொடங்கின. ஒரு சிக்கல் வந்தது. கிளவுடில் ஏற்றும்போது ஆவணத்தின் வகை என்ன என்று கணினி கேட்கும், அசல், நகல், சான்றளித்த நகல், இதர என்ற நான்கில் ஒன்றைத் தொட வேண்டும். காகிதம் போய்விட்டதால் அசல் இல்லை என்றார் தணிகாசலம். காகிதம்தானே மண்ணாகி வருகிறது, இதைவிட அசல் எது என்றார் பச்சையம்மா. இருவரும் கால்மணி நேரம் வாதாடினார்கள், இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. கடைசியில் ஹமீதா பானு வந்து 'இதர' என்பதைத் தொட்டார்.

அன்றிலிருந்து மார்ச் மாதம் முழுவதும் சுவர் எழுதிற்று. காலை பத்துக்குத் தொடங்கும், ஒன்றரைக்கு அரைமணி நேரம் நிற்கும், மாலை ஐந்தே முக்காலுக்கு எழுதிக்கொண்டிருக்கிற வரியோடு நின்றுவிடும், ஞாயிற்றுக்கிழமை கிடையாது, ஆனால் தாமதமும் கிடையாது. ஊழியர்களும் நேரத்துக்கு வர ஆரம்பித்தார்கள், பூச்சிகளுக்கு முன்னால் தலைகுனிய யாருக்கு மனசு வரும். ஊர் ஜனங்கள் முதல் இரண்டு நாள் வேடிக்கை பார்த்தார்கள், மூன்றாம் நாள் வரிசையில் நின்றார்கள், நான்காம் நாள் அவரவர் வருஷம் எப்போது வருமென்று கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். சுவருக்கு மஞ்சள் குங்குமம் வைக்கத் தட்டோடு வந்த ஒரு அம்மாவை, எழுத்து அழிந்துவிடுமென்று சொல்லி ஹமீதா பானு வணக்கத்தோடு திருப்பி அனுப்பினார். வருஷா வருஷம் மார்ச் மாதம் வெள்ளையடிக்கிற ஆள் வாளியும் மட்டையுமாக வந்தபோது மட்டும் ஜனங்கள் அவ்வளவு மரியாதையாக இல்லை. ஓய்வுபெற்ற ஒரு கிராம நிர்வாக அலுவலர் தன் கல்யாணத்துக்குக் கேட்ட விடுப்புக் கடிதம் சுவரில் வருவதைப் பார்த்து, மனைவியை ஆட்டோவில் அழைத்து வந்து காட்டினார். குவைத்தில் லாரி ஓட்டுகிற ஒருவனுக்கு அவன் தாத்தாவின் கிணற்று மனு மின்னஞ்சலில் போய்ச் சேர்ந்தது, அவன் அதைத் திறந்து பார்த்துவிட்டு வண்டியை ஓரம் கட்டி அழுததாக அன்றே பதில் எழுதினான். பக்கத்து வட்டத்தின் அலுவலகத்திலிருந்து ஒருவர் அட்டைப்பெட்டியோடு வந்து, தங்கள் அலுவலகக் கரையான்கள் இன்னும் வாயைத் திறக்கவில்லை, இங்கிருந்து ஒரு நூறு கரையானைக் கொடுத்தால் சொல்லிக் கொடுத்துப் பழக்கிக்கொள்வோம் என்று கேட்டார். பச்சையம்மா அவரை உட்கார வைத்து, ஒவ்வொன்றும் தான் தின்றதைத்தான் சொல்ல முடியும் என்று பொறுமையாக விளக்கி அனுப்பினார்.

நான் அந்த நாட்களைப் பெருமையோடு நினைக்கிறேன். ஒரு காகிதத்துக்காக நாலு பஸ் மாறி வந்து, ஆள் இல்லை நாளைக்கு வா என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பிப் போன ஜனங்களை இருபத்திரண்டு வருஷம் பார்த்தவன் நான். காலையில் சுவரில் எழுதப்பட்டது மத்தியானம் டீக்கடையில் ஒருவர் கையில் போனில் தெரிந்தது. இதைச் செய்த வினோதினிக்கும், அந்தத் தூரத்துக் கணினிகளுக்கும், சுவரில் ஊர்ந்த ஒவ்வொரு பூச்சிக்கும் என் மனசார ஒரு கும்பிடு போட்டேன்.

பச்சையம்மா தினமும் வந்தார். கரையானை ஒழிக்க வந்தவரைச் சுவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி வைத்திருந்தார்கள், பல்லி வராமல், எறும்பு வராமல், பையன்கள் விரலை வைக்காமல் அவர் காவல் இருந்தார். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து ஒரே கேள்விதான்.

"அண்ணே, பதினொண்ணு நாப்பத்தேழு வந்துச்சா?"

"இல்லம்மா. இன்னும் அறுபதுலதான் இருக்கு."

அறுபது போயிற்று, எழுபது போயிற்று. மார்ச் இருபத்தாறாம் தேதி எண்பத்தெட்டாம் வருஷம் தொடங்கியபோது சித்தேரி மேட்டிலிருந்து நாற்பத்தொரு வீட்டு ஜனமும் வந்து புங்கமரத்தடியில் உட்கார்ந்தார்கள். மறுநாள் மத்தியானம் 1146/88 வந்தது, காட்டுப்பன்றியை விரட்டத் துப்பாக்கிக்கு உரிமம் கேட்ட ஒருவரின் கோப்பு. எல்லோரும் எழுந்து நின்றார்கள். சுவர் சுத்தமாயிற்று, மேல் மூலையில் கோடு புறப்பட்டது, எண் எழுதிற்று. 1148/88. ரேஷன் கடையை இடம் மாற்றக் கேட்ட மனு.

நான்தான் எண்ணைத் தப்பாகப் படித்துவிட்டேனோ என்று உள்ளே ஓடிப்போய்ப் பார்த்தேன். நாற்பத்தெட்டுதான். அடுத்தது நாற்பத்தொன்பது. பச்சையம்மா சுவரில் கையை வைத்து, காதை வைத்து, கண்ணை மூடிக் கேட்டார். பிறகு தணிகாசலத்தைப் பார்த்தார்.

"இதுங்க அத துன்னல சார்."

"ஒருவேளை கடைசில வரும்மா..."

"துன்னிருந்தா குடுத்துருக்கும். இதுங்க வயித்துல எங்க கட்டு இல்ல. அப்படியொரு கட்ட இதுங்க பாக்கவே இல்ல சார்."

தணிகாசலம் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அவர் முகத்தில் அப்படியொரு நிறத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அத்தனை பேர் நடுவிலும், மெதுவாகச் சொன்னார்.

"அன்னிக்கு உங்கப்பா இதே ஜன்னல்கிட்டதாம்மா நின்னாரு. நான் வேலைக்கு வந்து ரெண்டு வருஷம். அரைமணி நேரத்துல பதில் வேணும்னாரு ஆபீசர். நான் ராக்குல தேடவே இல்ல. முத்திரையக் குத்திக் குடுத்துட்டேன். அதுக்கப்புறம் வந்த உன் மனுவுக்கெல்லாம், முன்னாடி எழுதினதப் பாத்துப் பாத்து அதையேதான் எழுதினோம். ஒருத்தரும் ராக்கப் பாக்கல."

பதினேழு மனுவையும் எழுதியவன் நான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பச்சையம்மா கோபப்படவில்லை, அதுதான் இன்னும் தாங்க முடியவில்லை.

"எங்கப்பா அந்தக் காயிதத்த எடுத்துக்கினு வந்து புத்துக்கு முன்னாடி நின்னு திட்டினாரு சார். எங்க மேட்டையே துன்னுட்டீங்களேன்னு. இதுங்களுக்கு ரெக்க மொளச்சா அதான் ஈசல். எங்க ஜனம் ஈசல் புடிச்சி அரிசியோட வறுத்துத் துன்றதுதான், ஆனா அளவா புடிப்போம். அந்த வருசத்துலேர்ந்து அவரு சாவுற வரிக்கும், ஈசல் பொறப்பட்டா நாலு பக்கமும் வெளக்கு வெச்சி, ஒண்ணு விடாம புடிப்பாரு. கோவத்துல. பாவம் சார், இதுங்க ஒண்ணுமே பண்ணல."

இருபத்தெட்டு, இருபத்தொன்பது, இரண்டு நாளும் அலுவலகம் முழுவதும் தேடினார்கள். தணிகாசலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பரண்மேல் ஏறி, காலியான ராக்குகளின் பின்னால் கையைவிட்டுத் துழாவினார். அவர் இப்படித் தேடி நான் பார்த்ததில்லை. இருபத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் தேட வேண்டியதை இப்போதாவது தேடுகிறாரே என்று எனக்குக் கோபம் கொஞ்சம் தணிந்தது. கோப்பு மட்டும் கிடைக்கவில்லை. சுவர் தன் போக்கில் தொண்ணூறுகளை எழுதிக்கொண்டிருந்தது.

முப்பத்தொன்றாம் தேதி மாலை மூன்று மணிக்குச் சுவர் தன் கடைசிப் பக்கத்தைத் தொடங்கிற்று. அது மனு இல்லை. தொண்ணூற்றாறில் மாவட்டத் தலைமை அலுவலகத்திலிருந்து இந்த வட்டாட்சியருக்கு வந்த ஒரு கடிதம். தபாலில் வந்து, யாரும் பிரிக்காமல் பதிவறைக்குப் போய், பிரிக்காமலே தின்னப்பட்டிருக்கிறது. தணிகாசலம் ஒவ்வொரு வரியாக உரக்கப் படித்தார். 'தங்கள் அலுவலகத்தில் சாவி தொலைந்த நிலையில் உள்ள இரும்பு பீரோ ஒன்றினை, சாட்சிகள் முன்னிலையில் உடைத்துத் திறக்க இதன் மூலம் அனுமதி வழங்கப்படுகிறது.'

எல்லோரும் ஹமீதா பானுவின் அறையைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த பீரோ அங்கேதான் நின்றது, ஆள் உயரத்துக்கு, பச்சை வண்ணத்தில், மேலே தண்ணீர் கேனும் ஒரு பிளாஸ்டிக் பூச்செண்டுமாக. அதன் நான்கு காலும் நான்கு தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்கும், கிண்ணத்தில் தண்ணீர் வற்றாமல் ஊற்றுவது அலுவலக உதவியாளரின் காலை வேலை, எதற்கென்று அவருக்கே தெரியாது. கரையான் ஏற முடியாத இடம் அந்தக் கட்டடத்தில் அது ஒன்றுதான். ஒரு வட்டாட்சியர் மாறி இன்னொருவர் வரும்போது பொறுப்பு ஒப்படைக்கிற பட்டியலில் 'இரும்பு பீரோ ஒன்று, சாவி இல்லை' என்று ஒரு வரி இருக்கும், போகிறவரும் கையெழுத்திடுவார், வருகிறவரும் கையெழுத்திடுவார். பதினெட்டு வட்டாட்சியர்கள் அப்படிக் கையெழுத்திட்டிருக்கிறார்கள், ஹமீதா பானு உட்பட. உடைக்க அனுமதி கேட்டு எழுதினோம், பதில் வரவில்லை என்பதுதான் எல்லோருக்கும் தெரிந்த செய்தி.

"ஒடச்சிடலாம் மேடம்," என்றாள் வினோதினி.

"இரும்மா," என்றார் தணிகாசலம். "கடிதம் வந்திருக்கு, ஆனா நாம வாங்கினதா பதிவு இல்லையே. வாங்காத உத்தரவ வெச்சு அரசாங்கச் சொத்த ஒடைச்சா, நாளைக்கு மேடத்துக்குத்தான் கேள்வி வரும்."

எனக்கு அவர் கழுத்தை நெரிக்க வேண்டும்போல இருந்தது. மணி மூன்றே முக்கால். ஆனால் தணிகாசலம் தன் மேஜைக்குப் போய்த் தபால் முத்திரையை எடுத்தார், தேதிச் சக்கரத்தை அன்றைய தேதிக்குத் திருப்பினார், மையில் ஒற்றினார், சுவருக்கு வந்து, ஒரு கரையானும் நசுங்காத இடமாகப் பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்த மண் கடிதத்தின் நெற்றியில் முத்திரையை வைத்து எடுத்தார். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன் வந்த கடிதம் அன்றைக்குப் பெறப்பட்டது. பதிவேட்டில் எண்ணும் போட்டார்.

ஹமீதா பானு அதைப் படம் எடுத்து, மாவட்டத் தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினார். இந்த அனுமதி இன்றும் செல்லுமா என்று ஒரே வரிதான் கேட்டிருந்தார். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அவர் மேஜையைச் சுற்றி நின்றோம். பதிலுக்குக் காத்திருந்து காத்திருந்து பழகிய ஜனங்கள் நாங்கள், அன்று மாலைக்குள் வராதென்றே நானும் நினைத்தேன். நான்கு நிமிஷத்தில் பதில் வந்தது. 'செல்லும். உடன் செயல்படுத்தவும்.'

"யாரு ஒடைக்கிறது?" என்றார் ஹமீதா பானு.

பச்சையம்மாவின் கையில்தான் கடப்பாரை இருந்தது. வளை தோண்டுகிற கடப்பாரை. அதைக் கதவிடுக்கில் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினார், வரவில்லை. தணிகாசலம் போய் அவர் கைக்குக் கீழே தன் கையை வைத்தார். இரண்டு பேரும் சேர்ந்து நெம்பியபோது பூட்டு தெறித்து, கதவு திறந்து, ரொம்ப வருஷத்துக் காற்று வெளியே வந்தது. உள்ளே ஒரு பழைய குடை, காய்ந்துபோன ஒரு மைப்பெட்டி, இரண்டு தட்டு நிறையக் கோப்புகள். முதல் தட்டில், சிவப்பு நாடா கட்டியபடி, மேலாகவே இருந்தது. ந.க. 1147/88. ஒரு ஓரம்கூட அரிக்கவில்லை.

தணிகாசலம் நாடாவை அவிழ்த்தார். நாற்பத்தொரு பெயர், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு பெருவிரல் ரேகை. பதினான்காவது பெயர் மாசிலாமணி. அந்த ரேகையைத் தணிகாசலம் காட்டியபோது பச்சையம்மா அதைத் தொடவில்லை, தன் பெருவிரலை அதற்குப் பக்கத்தில் வைத்து, பெரிசு எது சின்னது எது என்று பார்ப்பதுபோல வெகுநேரம் பார்த்தார். பிறகுதான் அழுதார். நானும் அழுதேன், அதை மறைப்பானேன்.

அறுபத்து மூன்று பக்கம். வினோதினி ஏற்றினாள். ஆவணத்தின் வகை என்று கணினி கேட்டபோது தணிகாசலமே குனிந்து 'அசல்' என்பதைத் தொட்டார். ஐந்து நாற்பதுக்குக் கடைசிப் பக்கம் ஏறிற்று. ஐந்து நாற்பத்திரண்டுக்குப் புங்கமரத்தடியில் பச்சையம்மாவின் மருமகன் போனில் அது தெரிந்தது, நாற்பத்தொரு வீட்டு ஜனமும் அந்தச் சின்னத் திரைமேல் கவிழ்ந்து அவரவர் பெரியவர்களின் ரேகையைத் தேடினார்கள். பச்சையம்மா ஜன்னல் வழியாகக் கேட்டார்.

"சார், இதுக்குச் சாவி?"

"இல்லம்மா," என்றார் தணிகாசலம். "யார்கிட்டயும் இல்ல."

மறுநாள் காலை பத்து மணிக்குச் சுவர் சும்மா இருந்தது. ஒரு பூச்சி இல்லை, ஒரு மண்துளி இல்லை, வெள்ளையடித்தால்கூட அவ்வளவு சுத்தமாக வராது. தணிகாசலம் கொஞ்ச நேரம் அதன் முன்னால் நின்றுவிட்டு, தன் மேஜை இழுப்பறையிலிருந்து அந்தக் கத்திரிப்பூ மை முத்திரையை எடுத்து, பூட்டு உடைந்த பீரோவின் காலித் தட்டில் வைத்துவிட்டு வந்தார். அடுத்த பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் அதையும் ஒரு வரியாகச் சேர்க்கச் சொன்னார்.

ஆடியில் பட்டா வந்தது. புரட்டாசியில் சித்தேரி மேட்டுக்கு மின்கம்பம் நட்டார்கள். வீட்டுக்கு ஒரு குண்டு பல்பு, முதலில் எரிகிற அன்று தணிகாசலத்தையும் என்னையும் வரச் சொல்லியிருந்தார் பச்சையம்மா. தணிகாசலம் ஓய்வு பெற்றுவிட்டார், ஆனாலும் மின் இணைப்புக்கான மின்னஞ்சலை அச்செடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார். சாயங்காலம் நல்ல மழை பெய்து விட்டிருந்தது. ஆறரை மணிக்கு ஒருவர் சுவிட்சைப் போட, நாற்பத்தொரு வீட்டிலும் ஒரே நேரத்தில் விளக்கு வந்தது, பிள்ளைகள் போட்ட கூச்சலில் ஏரியிலிருந்த கொக்கெல்லாம் எழும்பின. முப்பத்தாறு வருஷம் காத்திருந்த வெளிச்சம் அது.

வெளிச்சம் வந்து ஐந்து நிமிஷம் இருக்கும். மேட்டின் கிழக்கே, அலுவலகம் இருக்கிற திசையில், ஈர மண் பிளந்து ஈசல் புறப்பட்டது. ஆயிரமா பத்தாயிரமா, சொல்ல முடியாது, நாற்பத்தொரு விளக்கையும் பார்த்து நேராக வந்தது. விளக்கில் மோதினால் இறகு உதிரும், உதிர்ந்தால் கீழே விழும், விழுந்தால் கதை முடிந்தது. வழக்கமாக இந்த நேரத்தில் சித்தேரி மேட்டில் ஆளாளுக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். அன்று யாரும் ஓடவில்லை. எல்லோரும் பச்சையம்மாவைப் பார்த்தார்கள்.

"அணைங்க," என்றார் பச்சையம்மா.

ஒவ்வொரு வீடாக விளக்கு அணைந்தது. எங்கள் தலைக்கு மேலே, முகத்தில் உரசாத தூரத்தில், இறகுகளின் சத்தம் மட்டும் மேட்டைத் தாண்டி ஏரிப்பக்கம் போய்க்கொண்டே இருந்தது. தணிகாசலம் எழுந்து நின்று கையைக் குவித்தார். கடைசி ஈசல் போகிற வரைக்கும், நாற்பத்தொரு வீட்டு ஜனங்களும் தங்கள் புது விளக்கை அணைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள்.